மூன்று முறையும் மலையேறியது

புதுவாயல்,
8 அக்டோபர் 2024

அன்புத் தம்பி அன்புராஜுக்கு,

அக்கா நர்மதா எழுதுவது. இங்கே நானும் ஊத்துக்கோட்டையில் அம்மாவும் நன்றாக இருக்கிறோம். உனக்குச் சளி, காய்ச்சல் ஏதும் இல்லையே? போனைக் கீழ் முகாமிலேயே வாங்கி வைத்துக்கொண்டு உங்களை மலைக்கு மேலே அனுப்பிவிட்டார்களாம், அம்மா சொன்னாள். வாரம் ஒருமுறை சாட்டிலைட் போனில் மூன்று நிமிடம், அதுவும் அம்மாவுக்கு மட்டும். பரவாயில்லை, எனக்குக் கடிதம் போதும். போனில் பேசினால் நீ "ம்" கொட்டியே மூன்று நிமிடத்தையும் தீர்த்துவிடுவாய்.

போன லீவில் வந்தபோது எனக்கு என்ன வேலை என்று கேட்டாய். ஜன்னல் பார்க்கிறேன் என்றேன், விழுந்து விழுந்து சிரித்தாய். உண்மையாகவே அதுதான்டா வேலை. கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் எங்கள் கம்பெனி, ஜெட் இன்ஜினுக்குள் எரிபொருளைப் பீய்ச்சுகிற நாசில் செய்கிறது. அதை ஓர் இரும்புச் சேம்பருக்குள் பூட்டி, உள்ளே இருக்கும் காற்றைப் பம்ப் போட்டு உறிஞ்சி, குளிரவும் வைத்தால், வானத்தின் உயரம் தரையிலேயே கிடைத்துவிடும். மீட்டரில் பத்தாயிரம் அடி, இருபதாயிரம் அடி என்று ஏறும். உள்ளங்கை அகலக் கண்ணாடி வழியாக நெருப்பு என்ன செய்கிறது என்று பார்த்து நான் மைக்கில் சொல்ல வேண்டும். சுவருக்கு அந்தப் பக்கம் லோகு அண்ணன் கேட்டு எழுதிக்கொள்வார்.

தரையில் நெருப்பு மஞ்சளாக, கொழுகொழுவென்று இருக்கிறது. மேலே போகப் போகக் காற்று மெலிந்து, எரிபொருள் பொடியாகச் சிதறாமல் சொட்டாக விழ ஆரம்பிக்கும். நெருப்பு நீலமாகும், நீளும், நாசில் வாயை விட்டு விலகி நின்று ஆடும். அப்புறம் ஒரு நொடியில் காணாமல் போகும். நிஜமாக வானத்தில் இப்படிப் போனால் முப்பது விநாடிக்குள் மறுபடி பற்றவைத்தாக வேண்டும். முடியாவிட்டால் விமானம் வெறும் இரும்பு.

மைக்கில் நீட்டி முழக்க முடியாது, பம்ப் சத்தம் காதைப் பிளக்கும். எனக்கும் லோகு அண்ணனுக்கும் மூன்றே வார்த்தை. "பத்திக்கிச்சு." "நிக்குது." போய்விட்டால் "மலையேறிடுச்சு." எல்லாம் அம்மாவின் புண்ணியம். சின்ன வயதில் "வெளக்கு அணைஞ்சிச்சும்மா" என்றதற்கு நான் வாங்கிய அடி மறந்துவிட்டதா? "நல்ல நாளும் அதுவுமா இன்னாடி வாயி அது? மலையேறிடுச்சின்னு சொல்லு!" எனக்கு இன்றைக்கும் அந்த இன்னொரு வார்த்தை வாயில் வராது.

பெரிய சங்கதியைக் கடைசியில் சொல்கிறேன். இப்போது நாங்கள் சோதிக்கும் நாசில், மலை மேல் இருக்கிற முகாம்களுக்கு அரிசியும் மருந்தும் கொண்டு வரப்போகும் ஆளில்லாத விமானத்துக்காம். உன் சோறு என் கண்ணுக்கு முன்னால் வெந்துகொண்டிருக்கிறது என்று வைத்துக்கொள்.

உடம்பைப் பார்த்துக்கொள். ஈரச் சாக்ஸோடு தூங்காதே.

அன்புடன்,
அக்கா நர்மதா


மேல் முகாம்,
2 நவம்பர் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். உன் கடிதம் ஹெலிகாப்டரில் வெங்காய மூட்டையோடு வந்து சேர்ந்தது. இரண்டும் ஒரே வாசனை. நாங்கள் ஒன்பது பேர் இருக்கிறோம். தமிழ் பேச நம் பக்கத்து ஆள் ஒருவன் கிடைத்துவிட்டான், பழவேற்காடு சஹாபுதீன். அவன் அப்பா கருவாட்டு வியாபாரி. வாயைத் திறந்தால் இறால் கதைதான்.

நீ ஜன்னலில் பார்ப்பதை நாங்கள் ஸ்டவ்வில் பார்க்கிறோம். மண்ணெண்ணெய் ஸ்டவ் பற்றிக்கொள்ள ஏழெட்டுத் தீக்குச்சி வேண்டும். பற்றினாலும் நீ சொன்ன மாதிரியே நீலமாக எழும்பி நின்று ஆடுகிறது. பருப்பு வேக அரை நாள் ஆகிறது. நேற்று அது அணைந்ததும் பழக்கத்தில் "மலையேறிடுச்சு" என்றேன். "நாமதான்டா மலையேறிக்கீறோம், ஸ்டவ்வு எங்க ஏறிச்சு?" என்றான் சஹாபுதீன். அவர்கள் வீட்டில் அப்படிச் சொல்வதில்லையாம். விளக்கிச் சொல்வதற்குள் எனக்கு மூச்சு வாங்கிவிட்டது.

உன் விமானத்தைப் பற்றி இங்கேயும் பேச்சு இருக்கிறது. ஜனவரி, பிப்ரவரியில் ஹெலிகாப்டர் வருவது வானத்தின் தயவு. விமானம் வந்துவிட்டால் கவலையில்லை என்கிறார்கள். என் அக்காதான் அதற்கு நெருப்பு பார்க்கிறாள் என்று பீற்றிக்கொண்டேன். அன்றைக்கு எனக்கு ஒரு கரண்டி பாயசம் அதிகம் கிடைத்தது.

அம்மாவின் முட்டி வலி எப்படி இருக்கிறது?

இப்படிக்கு,
உன் தம்பி அன்புராஜ்


புதுவாயல்,
17 நவம்பர் 2024

அன்புத் தம்பிக்கு,

நலம்தானே? அம்மாவின் முட்டிக்கு எண்ணெய் போட்டு நீவுகிறாள், நடக்கிறாள்.

கம்பெனியில் விசேஷம். நாசில் பாஸாகிவிட்டது. இருபத்தைந்தாயிரம் அடியில் மூன்று முறை சோதித்து மூன்றும் நல்லபடி என்று சர்டிபிகேட்டை நோட்டீஸ் போர்டில் ஒட்டி லட்டு கொடுத்தார்கள். நான் சாப்பிடவில்லை. பல் வலி.

அந்த விமானம் உங்களிடம் எப்போது வரும்? தேதி ஏதும் சொன்னார்களா? தெரிந்தால் உடனே எழுது.

அக்கா நர்மதா


புதுவாயல்,
20 நவம்பர் 2024

அன்புக்கு,

போன கடிதத்துக்கு நீ பதில் போடும்வரை என்னால் பொறுக்க முடியவில்லை. எனக்குப் பல் வலி இல்லை. நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

அந்த மூன்று சோதனையும் அக்டோபர் 21 அன்று நடந்தது. லோகு அண்ணன் மச்சினன் கல்யாணத்துக்குப் போயிருந்தார். அவர் இடத்தில் பிரின்சி உட்கார்ந்தாள். கான்ட்ராக்டில் வந்த பெண், நல்ல பெண், சர்ச்சுக்குப் போகிற வேதக்கார வீடு. சூட்டை அளக்கும் கம்பி முதல் நாளே கருகிவிட்டது, புதியது வந்து சேரவில்லை. கேமராவின் கண்ணாடியில் குளிருக்குப் பனி பூத்திருந்தது. ஆகவே என் கண்ணும் என் வாயும்தான் ரெக்கார்டு.

மூன்று முறையும் இருபத்தைந்தாயிரம் அடியில் நெருப்பு போய்விட்டது. மறுபடி பற்றவும் இல்லை. மூன்று முறையும் நான் மைக்கில் "மலையேறிடுச்சு" என்றேன். பிரின்சி மூன்று முறையும் "உயரத்துக்கு ஏறிவிட்டது, ஓகே" என்று எழுதினாள்.

அவள்மேல் என்ன தப்பு? மீட்டர் ஏறுகிறது, நான் மலையேறிடுச்சு என்கிறேன். ஏறிவிட்டது என்றுதானே எழுதுவாள். தப்பு என்னுடையது. சாயங்காலம் கம்பெனி பஸ் ஹாரன் அடிக்கும்போது தாளை நீட்டினார்கள். படிக்காமல் கையெழுத்துப் போட்டுவிட்டு ஓடினேன். ஃபெயில், நாசிலைத் திருப்பிச் சரிசெய்யப் போய்விட்டது என்று மூன்று வாரமாக நினைத்துக்கொண்டிருந்தேன். லட்டைக் கையில் கொடுத்த பிறகுதான் போர்டைப் பார்த்தேன். கீழே என் கையெழுத்து, அழகாக.

எனக்குப் பயமாக இருக்கிறது அன்பு. மேனேஜரிடம் நாளைக்குச் சொல்கிறேன்.

அக்கா


மேல் முகாம்,
19 டிசம்பர் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். உன் இரண்டு கடிதமும் ஒன்றாக வந்தன. ஹெலிகாப்டர் வந்தே இருபது நாள் ஆகியிருந்தது. பனி இடுப்பளவு. கையுறையோடு எழுதுகிறேன், எழுத்து கோணலாகத்தான் இருக்கும்.

விமானம் பிப்ரவரி முதல் வாரம் வருகிறதாம். சுவரில் ஒருவன் கோடு கிழித்து நாள் எண்ணுகிறான். அதன் பெயரைச் சொல்லித்தான் மண்ணெண்ணெயை அளந்து எரிக்கிறோம். நீ எழுதியதை இங்கே யாரிடமும் நான் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது?

நீ என்ன செய்ய வேண்டும் என்று என்னைக் கேட்காதே. கேட்கவில்லை, தெரியும். ஆனாலும் கேட்காதே.

சஹாபுதீன் உன்னை விசாரித்தான். போனில் அவள் குரல் நன்றாக இருந்தது என்று அம்மாவிடம் சொல்.

அன்புராஜ்


புதுவாயல்,
5 ஜனவரி 2025

அன்புத் தம்பிக்கு,

முதலில் உன் உடம்பு. கையுறை போட்டு எழுதினாய் என்றாய். கையுறை போட்டால் எழுத்து பெரிதாகும். உன் எழுத்து சின்னதாக, நடுங்கி, ‘ழ’வுக்குக் கால் இல்லாமல் இருக்கிறது. நான் நாள் முழுக்கச் சின்ன ஆட்டத்தைப் பார்த்துச் சம்பளம் வாங்குகிறவள். என்னிடம் மறைக்காதே. விரல் எப்படி இருக்கிறது?

நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளிப்போட்டு, போன வாரம்தான் மேனேஜர் பூவராகவனிடம் சொன்னேன். சோழவரத்துக்காரர், எப்போதும் சிரித்த முகம். இப்போதும் சிரித்தார்.

"இன்னா நர்மதா, பேஜாரு பண்ற? சரக்கு போய் ஒரு மாசம் ஆச்சு. இப்ப வந்து அணைஞ்சிச்சின்றியே."

"அன்னிக்கே சொன்னேன் சார். மூணு வாட்டியும் சொன்னேன்."

"நீ இன்னா சொன்னே? மலையேறிச்சின்னே. அவ ஏறிச்சின்னு எழுதிக்கினா. கீழ யாரு கையெழுத்து?"

என்னுடையதுதான் என்றேன்.

"கம்ப்யூட்டர்ல போட்டுப் பாத்தாச்சு, எல்லாம் சரியாக் கீது. நூத்துல ஒண்ணு போவும். போனா பத்திக்கும். போய் வேலையப் பாரும்மா."

நூறில் ஒன்று இல்லை, மூன்றில் மூன்று என்றேன். அப்போதுதான் சிரிப்பு நின்றது. என்னுடைய படிப்பு ஒரிஜினல் சர்டிபிகேட் எல்லாம் ஆபீஸ் பீரோவில் இருப்பதை ஞாபகப்படுத்தினார். இரண்டு வருஷ பாண்ட், ஜூன் வரைக்கும் அவை எனக்குக் கிடையாது. வேறு எங்கே போய் வேலை கேட்பேன்? அதோடு, விஷயம் வெளியே போனால் முதலில் வீட்டுக்குப் போவது பிரின்சிதான் என்றார்.

பிரின்சி கேன்டீனில் என் பக்கத்தில் உட்கார்ந்து அழுதாள். "அக்கா, எங்க ஊட்ல வெளக்கு போனா அணைஞ்சிச்சின்னுதான் சொல்லுவோம். நீ அப்டி ஒரு வார்த்த சொல்லியிருந்தா எழுதியிருப்பேன்கா." அவள் ஐந்து மாதம் கர்ப்பம்.

காலையில் பஸ் ஏறுகிறேன். ஜன்னலில் உட்காருகிறேன். சாயங்காலம் பஸ் ஏறுகிறேன். சேம்பர் கதவைப் பூட்டும்போதெல்லாம் என்னை உள்ளே வைத்துப் பூட்டுவது போல இருக்கிறது.

விரலைப் பற்றி எழுது.

அக்கா நர்மதா


மேல் முகாம்,
16 ஜனவரி 2025

அக்காவுக்கு வணக்கம்.

நான் சஹாபுதீன். அன்புராஜ் சொல்லச் சொல்ல எழுதுகிறேன். அவன் நன்றாக இருக்கிறான். கையில் சின்னக் காயம், கட்டுப் போட்டிருப்பதால் பேனா பிடிக்க முடியவில்லை. முந்தாநாள் பொங்கலுக்கு வெல்லம் போட்டுச் சோறு வைத்தோம், பாதி வெந்தது. அம்மாவிடம் எதுவும் சொல்ல வேண்டாம் என்கிறான். அவ்வளவுதான் அவன் சொன்னது. இப்போது தூங்கிவிட்டான்.

இனி நான் எழுதுவது. கோபித்துக்கொள்ளாதீர்கள் அக்கா. வலது கையில் இரண்டு விரல் குளிரில் கறுத்துவிட்டது. இடது காலும் வீங்கிக் கிடக்கிறது, நடக்க முடியாது. ஹெலிகாப்டர் இரண்டு முறை கிளம்பி, மேகத்தால் திரும்பிப் போய்விட்டது. தூக்கிக்கொண்டு இறங்கலாம் என்று சிலர் சொன்னோம். நான்கு நாள் பனியில் நடை, ஆபத்து, விமானம்தான் பிப்ரவரி 5 வருகிறதே, அதில் மருந்து வரும், காத்திருக்கலாம் என்று மேலதிகாரிகள் முடிவு செய்துவிட்டார்கள். அவன் தினமும் தேதி கேட்கிறான். ஆனால் கேட்கும்போது அவன் முகம் சரியாக இல்லை. ஏன் என்று எனக்குப் புரியவில்லை.

கீழே நடந்து போகிற தபால் ஆளிடம் இதைக் கொடுத்து அனுப்புகிறேன்.

சஹாபுதீன்


கும்மிடிப்பூண்டி,
27 ஜனவரி 2025

அன்புக்கும் சஹாபுதீனுக்கும்,

தம்பி சஹாபுதீன், இதை அவனுக்குப் படித்துக் காட்டு. முதலில் நீ முழுவதும் படித்துக்கொள். அவன் முகம் ஏன் அப்படி இருந்தது என்று உனக்கே தெரிந்துவிடும்.

தபால் ஆபீஸ் பெஞ்சில் உட்கார்ந்து எழுதுகிறேன். இன்று லீவு போட்டுவிட்டு, நாசிலை வாங்கியவர்களின் தர ஆய்வுப் பிரிவுக்கு ஒரு கடிதம் எழுதி எடுத்துக்கொண்டு கிளம்பினேன். மூன்று முறையும் நெருப்பு போனது, எழுதியது தவறு, கையெழுத்து என்னுடையது, எழுதிய பெண்மேல் குற்றமில்லை. இவ்வளவுதான் அதில் இருந்தது. தெரு முனையில் தபால்காரர் நிறுத்தி உங்கள் கடிதத்தைக் கொடுத்தார். இங்கே வந்து பிரித்தேன்.

கவுன்டரில் நின்றபோது என் ஒரு கையில் அவன் விரலைப் பற்றிய கடிதம், இன்னொரு கையில் அவன் மருந்தை நிறுத்தும் கடிதம். கவுன்டர் அம்மா இரண்டு தடவை கேட்டார்கள். "இன்னாம்மா, ரிஜிஸ்டர் பண்ணணுமா வேணாமா? பின்னால ஆளுங்க நிக்கிறாங்க."

அன்பு, நான் கொடுத்துவிட்டேன்.

என்னைத் திட்டு. ஆனால் இதைக் கேள். அந்த நெருப்பை நான் பார்த்திருக்கிறேன். நீங்கள் இருக்கும் மலையைத் தாண்ட அது ஏறினால் போய்விடும். மருந்து ஏதாவது ஒரு பள்ளத்தில் விழும். விழுந்தது தெரிய இரண்டு நாள், அப்புறம் வேறு வழி யோசிக்க ஒரு வாரம். வராத விமானத்துக்காக உன்னைப் படுக்க வைத்திருக்கிறார்கள். அது வராது என்று தெரிந்தால்தான் உன்னைத் தூக்குவார்கள் என்று நினைக்கிறேன். நினைக்கத்தான் முடிகிறது. நான் நினைப்பது தப்பாக இருந்தால் உன் கையைத் தின்றவள் நான்தான்.

பாவி அக்கா,
நர்மதா


புதுவாயல்,
16 பிப்ரவரி 2025

அன்பு,

உன்னிடமிருந்து எதுவும் இல்லை. சாட்டிலைட் போனும் நான்கு ஞாயிற்றுக்கிழமையாக வரவில்லை. மழை பெய்தால் அதில் கோளாறு வரும் என்று அம்மாவிடம் சொல்லி வைத்திருக்கிறேன். மலை மேல் மழை பெய்யாது என்று அவளுக்குத் தெரியாது. தெரிந்தும் கேட்கவில்லையோ என்னவோ.

13ஆம் தேதி மறுசோதனை நடந்தது. வாங்கியவர்கள் தரப்பில் மூன்று பேர் வந்தார்கள். புதுக் கம்பி, புதுக் கேமரா, எல்லாம் இருந்தது. ஆனாலும் அன்று சொன்னவளே இன்றும் சொல்லட்டும் என்று என்னை ஜன்னலில் உட்கார வைத்தார்கள். அந்தப் பக்கம் பிரின்சி. என் கடிதத்தைப் பார்த்து அவர்களே அவளை வேலையில் வைக்கச் சொல்லிவிட்டார்கள், அது ஒன்றுதான் நல்லது.

இருபதாயிரம் வரைக்கும் நின்றது. இருபத்திரண்டில் நீலமானது. இருபத்தைந்தில் விலகி நின்று ஆடியது. நின்றுவிடு, நின்றுவிடு என்று வேண்டிக்கொண்டேன். நின்றால் நான் பொய்க்காரி ஆவேன், ஆனால் உனக்கு விமானம் வரும். கண்ணெதிரே போய்விட்டது. வாய் பழக்கத்தில் "மலை" வரைக்கும் வந்துவிட்டது. விழுங்கிக்கொண்டு மைக்கில் சொன்னேன். "அணைஞ்சிடுச்சு."

மூன்று முறையும் சொன்னேன். ஒவ்வொரு முறை சொல்லும்போதும் உன் முகம்தான் வந்தது. அம்மாவிடம் அடி வாங்கியதற்கு அப்புறம், இந்த இருபத்தெட்டு வயதில்தான் அந்த வார்த்தையைச் சொல்கிறேன், அதுவும் உன்னை நினைத்துக்கொண்டு. ஊத்துக்கோட்டைக்குப் போனபோது அம்மாவின் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

இப்போது என்னை ஸ்டோரில் போல்ட் பிரித்து வைக்கப் போட்டிருக்கிறார்கள். சர்டிபிகேட் ஜூன் வரைக்கும் பீரோவில். பஸ், ஸ்டோர், பஸ். அதெல்லாம் கிடக்கட்டும்.

ஒரு வரி எழுது. சஹாபுதீனாவது எழுதட்டும்.

அக்கா


ராணுவ மருத்துவமனை,
26 பிப்ரவரி 2025

அன்புள்ள அக்காவுக்கு,

எழுத்தைப் பார்த்துப் பயப்படாதே. இது இடது கை. ‘ழ’வுக்குக் கால் போட்டிருக்கிறேன், பார்த்துக்கொள்.

விமானம் இந்தக் குளிர்காலம் முழுக்க வராது என்று மூன்றாம் தேதி வயர்லெஸ்ஸில் சொன்னார்கள். தெற்கிலிருந்து யாரோ ஒரு காகிதம் எழுதிவிட்டார்களாம். அந்த ஆளை எல்லோரும் திட்டினார்கள். அப்போது உன் கடிதம் வந்திருக்கவில்லை, ஆனாலும் எனக்குத் தெரிந்துவிட்டது. நானும் சேர்ந்து திட்டினேன் அக்கா. மனசாரத் திட்டினேன். உன்னிடம் பொய் சொல்ல மாட்டேன்.

மறுநாள் காலையில் ஸ்ட்ரெச்சர் கட்டினார்கள். காத்திருக்க இனி எதுவும் இல்லையே. ஆறு பேர் மாற்றி மாற்றி நான்கு நாள் தூக்கினார்கள். சஹாபுதீன் வழி முழுக்க இறால் கதை சொன்னான். கீழ் முகாமில் உன் கடிதம் எங்களுக்கு முன்னால் வந்து காத்திருந்தது. அதை அவன் சத்தமாகப் படித்தான். தூக்கி வந்த ஆறு பேருக்கும் ஹிந்தியில் மாற்றிச் சொன்னான். ஒருவன் என் போர்வையை இழுத்து மூடிவிட்டான்.

இன்னும் பத்து நாள் மேலே கிடந்திருந்தால் மணிக்கட்டு வரைக்கும் எடுத்திருப்பேன் என்று டாக்டர் சொன்னார். கால் தப்பிவிட்டது.

இங்கே போன் இருக்கிறது. நர்ஸ் மூன்று முறை கொண்டு வந்து நீட்டினாள். அம்மாவின் குரலைக் கேட்டால் நான் நல்லா கீறேன்மா என்று சொல்லிவிடுவேன், அதனால் வாங்கவில்லை. வீட்டுக்குத் தகவல் சொல்ல வேண்டாம் என்று முகாமிலும் நானே கேட்டுக்கொண்டேன். நீ போய்ச் சொல். எதையும் சுற்றி வளைக்காதே. அடி விழுந்தாலும் பரவாயில்லை, கடைசிக் கடிதத்தில் எழுதியிருந்தாயே, அந்த ஜன்னலில் சொன்ன மாதிரி நேராக இப்படிச் சொல்.

ரெண்டு விரலு போயிடுச்சும்மா. புள்ள உசுரோட கீறான்.

இடது கையால்,
அன்புராஜ்